கொதிக்கும் இயந்திரம்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், மாலை நேர நெரிசலின்போது முன்மூடியைத் தூக்கி வைத்தபடி ஓரமாக நிற்கும் மகிழுந்துகளைக் காண்பது புதிதன்று. இயந்திரம் சூடேறிவிட்டது என்பார் ஓட்டுநர். சூடு தணிந்ததும் நீர் ஊற்றிப் புறப்படுவார். அடுத்த வாரம் அதே சிக்கல் திரும்பும். பட்டறையில் ரேடியேட்டரை மாற்றுவார்கள். பிறகு நீர் பம்பை மாற்றுவார்கள். பல நூறு ரிங்கிட் செலவான பின்னும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கியே நகரும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயின் காரணத்தை ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்யச் சொல்கிறது. உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ஆராய்ச்சி ஆகாது.

பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரங்களைச் சென்றடைவதில்லை. அது வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒரு பகுதி புகையோடு போய்விடும். மற்றொரு பகுதியை, இயந்திரத்தைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் காற்றிடம் விட்டுவிட வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், 1901-இல் புகழ்பெற்ற மெர்சிடிஸ் மகிழுந்துக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை உருவாக்கினார். அதில் 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் இருந்தன. காற்று படும் பரப்பு கூடியதால் குறைந்த நீரே போதுமானதாயிற்று.

ரேடியேட்டரின் மூடியும் முக்கியமான உறுப்பே. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அதனால் 100 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டிய நீர், ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, நீர் நொடிப்பொழுதில் நீராவியாகப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும். முள் உயர்ந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருப்பதே முறை. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது. நீர் முன்னதாகவே கொதிக்கும். மலிவான இந்த மூடியைச் சோதிக்காமல் விலை கூடிய ரேடியேட்டரை மாற்றுவோரும் உண்டு.

திறமையான பழுதுபார்ப்பவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போது சூடேறுகிறது? பிரிக்பீல்ட்சின் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் தணிந்தால், ஐயம் மின்விசிறியின் மீது விழ வேண்டும். ஓடும் வண்டிக்குக் காற்று தானாகவே கிடைக்கிறது. நிற்கும் வண்டிக்கு விசிறி ஒன்றே துணை. விசிறியின் மோட்டார், அதை இயக்கும் ரிலே, வெப்ப உணரி ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும். மாறாக, நெரிசலில் அமைதியாக இருந்து, காராக் நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் சூடேறினால் கதை வேறு. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை; நீரோட்டமே போதவில்லை. ரேடியேட்டரின் உட்குழாய்களில் துரு அடைத்திருக்கலாம். பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் குழாய்நீரையே ஊற்றிய வண்டிகளில் இவை இரண்டும் நேரக்கூடியவை.

வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. ஆனாலும் நீர் குறைந்துகொண்டே போகிறது. இதுதான் பலரை அலைக்கழிக்கும் நிலை. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா உட்படப் பல மகிழுந்துகளில் இயந்திரத்தின் அடிப்பகுதி வார்ப்பிரும்பாலும் தலைப்பகுதி அலுமினியத்தாலும் ஆனவை. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். மீண்டும் மீண்டும் கொதித்தால் தலைப்பகுதி வளைந்து, இடையிலுள்ள கேஸ்கெட் பழுதாகும். அப்போது எரிந்த வாயு நீருக்குள் புகும். நீர் எரியறைக்குள் புகுந்து வெண்புகையாக வெளியேறும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறுவதும் உண்டு. ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை இருக்கிறது. ரேடியேட்டரின் வாயிலிருந்து எழும் ஆவியை நீலநிறக் கரைசலின் வழியாகச் செலுத்துவார்கள். அதில் எரிவாயுவின் கரியமில வாயு இருந்தால் கரைசல் மஞ்சளாக மாறும். அறிவியல் கூடத்தில் காணும் நிறமாற்றம் பட்டறையிலும் பயன்படுகிறது!

நம் நாடு வெப்பநாடு என்று கூறித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. இது தவறான வைத்தியம். இயந்திரம் ஏறத்தாழ 90 பாகையில்தான் செம்மையாக இயங்கும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் அது சூடேறத் தாமதமாகும், எரிபொருள் வீணாகும், உண்மையான கோளாறும் சில காலம் மறைந்திருக்கும். தெர்மோஸ்டாட்டின் மீது ஐயம் இருந்தால், அதை ஒரு பாத்திர நீரில் இட்டுச் சூடேற்றிப் பார்க்கலாம். நீர் கொதிக்கும் முன்பே அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மாற்ற வேண்டும்.

பழுது நீங்கிய பிறகும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. புதிய குளிர்விப்பு நீரை ஊற்றும்போது காற்றுக் குமிழிகள் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அவை முழுவதும் வெளியேறாவிட்டால் முள் மீண்டும் உயரும். குற்றமற்ற புது உறுப்பின் மீது பழி விழும்.