வீணையைப் பேணல்

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைப்போட்டி கூறப்பெறும் பகுதியில், சீவகன் தன்முன் கொணரப்பட்ட யாழை உடனே எடுத்து இசைக்கத் தொடங்கினானல்லன். ஒன்றன் மரம் பழுதுடையது என்றும், வேறொன்றன் நரம்பில் மயிர் கலந்துளது என்றும் ஆராய்ந்து விலக்கி, குற்றமற்ற யாழையே கைக்கொண்டான். அந்த யாழ் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் கருவியின் நலந்தீங்கை ஆராயும் அவ்வறிவு வீணை பயில்வார்க்கும் இன்றியமையாததாகும்.

வீணைகளுள் தஞ்சாவூர் வீணை பெயர்பெற்றது. 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றது. ஏறக்குறைய 4 அடி நீளமுள்ள அக்கருவி பலாமரத்தாற் செய்யப்படுவது. குடமும் தண்டியும் யாளிமுகமும் ஒரே மரத்திற் குடையப்பெறின் அதனை ஏகாண்ட வீணை என்பர். மேலே ஓடும் தந்திகள் நான்கு; பக்கத்தே தாளத்திற்கும் சுருதிக்கும் உரியவை மூன்று. தண்டியின்மேல் 24 மெட்டுக்கள் பதிக்கப்பட்டிருக்கும். இவ்வாறு 24 மெட்டுக்களை நிலையாக அமைக்கும் முறை, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தது என்பர்.

மெட்டுக்கள் உலோகத்தால் ஆயவை. அவை மரத்தில் அறையப்படுவனவல்ல. தேன்மெழுகோடு கரித்தூள் கலந்து தண்டியின் இருமருங்கும் வரம்புபோல் அமைத்து, அவ்வரம்பின்மேல் பதிக்கப்படுவன. வீணையின் இனிமைக்கும் இடுக்கணுக்கும் இம்மெழுகே காரணமாம். தேன்மெழுகு ஏறத்தாழ 62 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் உருகும். இளகுதற்கோ அத்துணை வெப்பமும் வேண்டா. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளேயோ, சாளரத்தின் வழியே வெயில் விழும் மூலையிலோ வீணையைச் சிலபொழுது வைப்பினும் மெழுகு நெகிழ்ந்து மெட்டுச் சாயும். சாய்வு கண்ணுக்குப் புலனாகாத அளவினதாயினும் செவி அதனை அறிந்துகொள்ளும்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒரு மெட்டின்மேல் நான்கு தந்திகளும் செல்கின்றன. ஆதலின் ஒரு மெட்டுப் பிறழின் அவ்விடத்தே நான்கு தந்திகளின் சுரமும் பிறழும். பயிற்சி குறைந்தவர் இதனை அறியாது பிரடைகளை மீண்டும் மீண்டும் முறுக்கித் தந்திகளை அறுத்துவிடுவர். பிரடை, தந்தி முழுவதன் சுருதியை ஏற்றவும் இறக்கவும் வல்லதேயன்றி, ஓரிடத்துப் பிழையைத் திருத்த வல்லதன்று. பிழை எங்குளது என்று காண்பதற்கு எளிய வழி உண்டு. தந்தியைச் சுருதி சேர்த்து, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுக. வெறுந்தந்தியின் மேல்தாயி ஒலிக்க வேண்டும். நான்கு தந்திகளிலும் அவ்விடத்தே பிழை தோன்றின் மெட்டைக் குறைகூறலாம். ஒன்றில் மட்டும் தோன்றின் அத்தந்தியே தேய்ந்தோ துருவேறியோ கெட்டது. அதனை மாற்றுதல் போதும்.

தந்திக்குப் பகை வியர்வையும் கடற்காற்றும் ஆகும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த மெல்லிய துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்தல் வேண்டும். விரல் வழுக்கிச் செல்லும்பொருட்டு இடக்கை விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம். அது நல்லதே, ஆனால், எண்ணெய் வழிந்து மெழுகிற் படியவிடலாகாது. மெட்டுக்களின் இடையே சேரும் தூசியை மென்மையான தூரிகையால் நீக்குக. நீர் தொட்டுத் துடைத்தல் ஆகாது. சுரைக்காய் எனப்படும் பக்கக் குடம் காகிதக்கூழால் ஆயதாயின் ஈரத்தால் விரைவிற் கெடும்.

மழைக்காலத்தில் மரம் பருத்துப் பிரடை இறுகும். கோடையில் சுருங்கி வழுவும். வழுவும் பிரடையில் சுண்ணக்கட்டித் தூளைச் சிறிது தடவின் அது பிடித்து நிற்கும். இறுகியதை வலிந்து திருகினால் பிரடை முறியலாம்; ஈரம் தணியும்வரை பொறுத்தல் நன்று. நுண்ணிய சுருதி வேறுபாட்டிற்குப் பிரடையைத் தொடவே வேண்டா. குதிரைக்கு அப்பால் நாகபாசத்தை அடுத்துள்ள சிறு வளையங்களை நகர்த்தினாலே அமையும்.

வீணையைத் தூக்குங்கால் ஒரு கை குடத்தின் கீழும் மற்றொரு கை தண்டியின் கீழும் இருத்தல் வேண்டும். சுரைக்காயைப் பற்றித் தூக்குவது பெரும்பிழை; அது திருகிப் பொருத்தப்படுவதே ஆதலின் கழன்று வீழ்தற்கு இடமுண்டு. நெடுந்தொலைவு கொண்டு செல்வோர் அதனை முன்னரே கழற்றி, தந்திகளையும் சிறிது தளர்த்திவிடுவர். சில இல்லங்களில் பாட்டியார் வாசித்த வீணை கூடத்திலே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒப்பனைப் பொருளாக நிற்கின்றது. தந்தி துருவேறுவதும் மெட்டுச் சாய்வதும் அங்கே எவர் செவிக்கும் எட்டுவதில்லை. நாள்தோறும் வாசிக்கப்படும் வீணையின் குறையோ அன்றே வெளிப்பட்டுவிடும்.

எவ்வளவு பேணினும் ஆண்டுகள் செல்லச்செல்ல மெழுகு வறண்டு வெடிக்கும். தந்தி உராய்ந்து உராய்ந்து மெட்டின்மேலும் குதிரைத் தகட்டின்மேலும் பள்ளம் விழும். ஒலியிலே அதிர்வொன்று கலந்து கரகரக்கும். அந்நிலையில் உடையவர் தாமே அரத்தை எடுத்தல் தகாது. கைவினைஞரிடமே ஒப்புவித்தல் வேண்டும். அவர் பழைய மெழுகைக் களைந்து புதிது வார்த்து, மெட்டு ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் சிறிதே நகர்த்தி, மீட்டி மீட்டிக் கேட்டு, செவி இசைந்த இடத்தில் அழுத்தி நிறுத்துவார். இதனை மேளம் கட்டுதல் என்பர். 24 மெட்டுக்களும் இவ்வாறே செவியால் அளக்கப்படுவன. வேலை முடிந்து வந்த வீணையைப் பன்னிரண்டாம் மெட்டிலும் இருபத்து நான்காம் மெட்டிலும் மீட்டிப் பார்த்த பின்னரே பெற்றுக்கொள்ளல் வேண்டும். பின்னதில் அடுத்த தாயியின் சட்சம் ஒலித்தல் வேண்டும்.