கடை நேரம் வேறு, ஆள் நேரம் வேறு

நம்மில் பலர் காலை 8 மணிக்குக் கடை திறந்து இரவு 9 மணிக்கு அடைக்கிறோம். திறந்த பையனே அடைக்கவும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சரக்கும் விலையும் வாடிக்கையாளர் முகமும் பழகி வரும் வேளையில் அவன் வேறிடம் போய்விடுகிறான். சம்பளம் மட்டுமே இதற்குக் காரணமல்ல. பகல் வெளிச்சத்தில் வீட்டைப் பார்க்க முடியாததும் காரணம்தான்.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கூறுவதை முதலில் மனதில் கொள்வோம்.

1. வேலை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி.
2. தொடர்ந்து 4 மணி வேலை செய்தால் 1 மணி ஓய்வு.
3. மிகைநேரம் சேர்த்தும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் கூடாது. அதற்கு இரட்டிப்புக் கூலி.
4. ஓய்வையும் சேர்த்து, வந்த நேரத்திலிருந்து போகும் நேரம் வரை 12 மணியைத் தாண்டக் கூடாது.

நமது கடை திறந்திருப்பதோ 13 மணி. எனவே திறந்தவரே அடைப்பது சட்டப்படி பொருந்தாது. 3 பேர் உள்ள கடைக்கு ஒரு வழி பார்ப்போம்.

முதல் ஆள்: காலை 8 முதல் மாலை 5 வரை, 12 முதல் 1 வரை ஓய்வு.
இரண்டாம் ஆள்: பகல் 12 முதல் இரவு 9 வரை, 4 முதல் 5 வரை ஓய்வு.
மூன்றாம் ஆள்: காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. இது கடைக்கு அருகில் குடியிருப்பவருக்கே ஏற்றது.

மூவருக்கும் 8 மணி வேலைதான். பகல் 12 முதல் 1 வரையும், இரவு 8 முதல் 9 வரையும் மட்டுமே ஒருவர் தனியாக இருப்பார். அப்போது முதலாளி கல்லாவில் இருந்தால் போதும்.

கணக்கையும் பார்ப்போம். நாட்கூலி 600 ரூபாய் என்றால் மணிக்கு 75, மிகைநேரத்துக்கு 150. ஒருவருக்கு வாரம் 6 மணி மிகைநேரம் என்றால் 900 ரூபாய். முறை மாற்றினால் இந்தச் செலவு மிச்சம்.

எச்சரிக்கை ஒன்று. நேரத்தை வளைப்பது நம் வசதிக்கு மட்டும் என்றால் அது வேலையாளுக்குத் தண்டனையாகிவிடும். பள்ளிப் பிள்ளை உள்ளவருக்கு எது தோது, மாலை வகுப்புக்குப் போகிறவருக்கு எது தோது என்று அவர்களையே கேட்டு, வாரத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். வார விடுமுறை நாளில் கை வைக்கக் கூடாது.

பழகிய ஆள் நிலைத்தால் வாடிக்கையும் நிலைக்கும்.