மீனுக்கு முன் பாக்டீரியா: கைவிட்ட கடல்நீர்த் தொட்டியை மீண்டும் தொடங்குவோம்

கப்பியும் தங்கமீனும் வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒருநாள் கடல்மீன் மேல் ஆசை வரும். கண்ணாடித் தொட்டி, பம்ப், விளக்கு, உப்பு எல்லாம் வாங்கிச் சனிக்கிழமை நீரை நிரப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு கோமாளி மீன்களை விடுவார்கள். நீர் பளிங்குபோல் இருக்கும். ஆனால் அடுத்த வார இறுதிக்குள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுத் திணறி, ஒன்றன்பின் ஒன்றாக மடியும். தொட்டி வீட்டின் பின்புறத்துக்குப் போய்விடும்.

அப்படியொரு தொட்டி உங்கள் வீட்டிலும் கிடக்கிறதா? அதை விற்றுவிட வேண்டாம். கண்ணாடியும் பம்பும் பழுதாகவில்லை. அந்தத் தொட்டியில் ஓர் உயிர்க்கூட்டம் குடியேறுவதற்கு முன்பே மீன் குடியேறிவிட்டது. மறுபடி தொடங்கும்போது அந்த வரிசையை மாற்றினால் போதும்.

நமக்குத் தெரிந்த வாடைதான்

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அமோனியாவின் வாடையை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் பால் ஆலைக்குப் போகுமுன் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா சேர்ப்பார்கள். பால் கொட்டகைப் பக்கம் போனாலே மூக்கிலும் கண்ணிலும் எரியும். அதே அமோனியாவைத்தான் மீன் தன் செவுள் வழியாக இரவும் பகலும் நீரில் கழிக்கிறது. தின்னாமல் மிச்சமாகும் இரையும் மீனின் கழிவும் அழுகும்போது இன்னும் அமோனியா சேர்கிறது.

கடலில் அது கரைந்து பரவிவிடும். 100 லிட்டர் தொட்டியில் போக இடமில்லை. அங்கே அதை அகற்றுபவை பாக்டீரியாக்கள். ஒரு வகை, அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அமோனியா கடும் நஞ்சு, நைட்ரைட்டும் தீங்கானது, நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும். பாடநூலில் நைட்ரஜன் சுழற்சி என்று படித்தது இதுதான். இந்த பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி.

இவை மெதுவாகவே பெருகும். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். அதனால்தான் புதுத் தொட்டி தயாராக 4 முதல் 6 வாரம் வரை ஆகிறது. பணம் செலவழித்து அந்தக் காலத்தைச் சற்றுக் குறைக்கலாம். முற்றாகத் தவிர்க்க முடியாது.

நன்னீர் அனுபவம் ஏன் கைகொடுப்பதில்லை?

"தங்கமீனை முதல் நாளே விட்டேன், பிழைத்ததே" என்று நீங்கள் கேட்கலாம். விடை பி.எச். அளவில் இருக்கிறது. நீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. அதனால் பெரிய தீங்கில்லை. மற்றொன்று செவுளைக் கடந்து உடலுக்குள் புகும் தனி அமோனியா. பி.எச். 7 உள்ள 27 டிகிரி நன்னீரில், மொத்த அமோனியாவில் 100-க்கு 1 பங்கும் தனி அமோனியாவாக இருக்காது. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும். அங்கே அது ஏறக்குறைய 8 பங்காகிவிடும். அதாவது, ஒரே அளவு கழிவு கடல்நீரில் பத்து மடங்கு நஞ்சாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. உப்பு கரைந்த நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஒரே வெப்பநிலையில் கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்த ஆக்சிஜனையே ஏந்தும். கடல்மீனுக்கு அவகாசம் குறைவு.

இந்தோனேசியாவிலிருந்து ஒரு பாடம்

1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், தாம் கடல்மீன் வளர்க்கும் முறையை ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் விளக்கினார். அக்காலத்தில் பலர், வெளுத்துக் காயவைத்த பவள எலும்புகளை அடுக்கி, தொட்டியைத் துடைத்துத் துடைத்துத் தூய்மையாக வைத்திருந்தார்கள். லீ அதற்கு எதிர்வழியில் சென்றார். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய பாறைகளைத் தொட்டியில் வைத்துக் காற்றுக்குமிழிகளை மட்டும் விட்டார். பாறையின் நுண்துளைகளில் வாழ்ந்த பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் நீரைச் சுத்தம் செய்தன. இன்று உலகெங்கும் "உயிர்ப்பாறை" என்று விற்கப்படுவதன் பின்னணி இதுதான். தொட்டியின் வடிகட்டி என்பது பஞ்சும் பம்பும் மட்டுமல்ல, பாறையும் மணலும் சேர்ந்ததே.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

மறுபடி தொடங்குமுன், சென்ற முறை என்ன நடந்தது என்று பாருங்கள். காரணத்துக்கு ஏற்ப வேலையும் மாறும்.

முதல் இரண்டு வாரத்துக்குள் மீன்கள் மடிந்திருந்தால், பெரும்பாலும் அமோனியாதான். பாறையையும் மணலையும் வீச வேண்டாம். அழுகியவற்றை நீக்கி, உப்புநீரில் அலசி, மீண்டும் பயன்படுத்தலாம்.

மீனின் உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றிப் பிறகு மடிந்திருந்தால், அது வெண்புள்ளி நோயாக இருக்கலாம். அந்த ஒட்டுண்ணியின் உறைகள் மணலிலும் பாறையிலும் பல வாரம் தங்கும். பிழைத்த மீனை வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். பழைய தொட்டியை ஏறக்குறைய 10 வாரம் மீனின்றி ஓடவிடுங்கள். அப்போதும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சிறிது இரையைப் போடுங்கள். இல்லையேல் பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும்.

தொட்டியிலேயே செம்பு கலந்த மருந்தை ஊற்றியிருந்தால் கவனம் தேவை. செம்பு பாறையிலும் மணலிலும் ஊறிவிடும். இறால், நத்தை, பவளம் ஆகியவற்றுக்கு மிகச் சிறிய அளவும் நஞ்சு. அந்தப் பாறையையும் மணலையும் மாற்றிவிடுவதே நல்லது.

மின்தடைக்குப் பிறகு எல்லாம் மடிந்திருந்தால், மூடிய வடிகட்டியைச் சந்தேகியுங்கள். நீரோட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகிய நீர் நேரே தொட்டிக்குள் பாயும். அடுத்த முறை, வடிகட்டியைத் திறந்து அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு இயக்குங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

வாரம் வாரமாக

முதல் நாள்: தனி வாளியில் உப்புநீர் கலக்குங்கள். சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் சோடியம், குளோரைடு தவிர மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியவையும் உண்டு. மீன்கடையில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையே வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம், அதாவது 100 லிட்டருக்கு 3.6 கிலோ. குழாய் நீரானால் குளோரின் நீக்கி சேருங்கள். குளோரின் நாம் வளர்க்கப் போகும் பாக்டீரியாவையே கொல்லும். இரவு முழுதும் பம்ப் வைத்துக் கலக்கி, மறுநாள் அளந்து பாருங்கள். ஒப்படர்த்தி 1.025 இருந்தால் சரி.

தஞ்சோங் டாவாய் பக்கம் போய்க் கடல்நீரையே மொண்டு வரலாமா? வேண்டாம். மெர்போக், மூடா ஆறுகள் கலக்கும் கரை அது. நீர் கலங்கலாக இருக்கும். உப்பளவும் மழைக்கு மழை மாறும்.

இரண்டாம் நாள்: பாறை, மணல், நீர், பம்ப். விளக்கு தேவையில்லை, பாக்டீரியாவுக்கு வெளிச்சம் வேண்டாம், பாசிக்குத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள்: பாக்டீரியாவுக்கு உணவு வையுங்கள். தோல் உரித்த ஓர் இறால் துண்டு போதும். அளந்து செய்ய விரும்புவோர் அம்மோனியம் குளோரைடு கரைசலால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வரும்படி செய்யலாம். தோட்டத்து அமோனியாவை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அதன் செறிவு கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து.

அதன்பின் இரண்டு நாளுக்கொருமுறை சோதித்து எழுதி வையுங்கள். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கி, நைட்ரேட் மட்டும் ஏறும். நடுவில் மணல்மேல் பழுப்புப் படலம் படியலாம். அது டயட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வந்து போகும். அதைக் கண்டு தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியாவைச் சேர்த்தால் நாள்கள் குறையலாம். சோதனையை மட்டும் கைவிடக் கூடாது.

தேர்வு நாள்: மறுபடியும் 2 மில்லிகிராம் அளவுக்கு அமோனியா சேருங்கள். 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்தால் தொட்டி தேறிவிட்டது. கால் பங்கு நீரை மாற்றி, ஒரு மீனையோ ஒரு சோடியையோ விடுங்கள். அடுத்த மீனுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். மீன் கூடினால் கழிவு கூடும்; பாக்டீரியா அதற்கேற்பப் பெருக நாளாகும்.

கெடா வெயிலும் ஆவியாகும் நீரும்

நம் மாநிலத்தில் ஆண்டின் முதல் மாதங்கள் வறண்டவை, வெப்பமானவை. பக்கத்துப் பெர்லிசின் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் மிக உயர்ந்த வெப்பநிலை. தொட்டி 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நீர்மட்டத்தின் மேல் சிறிய விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

விசிறி ஓடினால் நீர் வேகமாக ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒரு கணக்கு: 100 லிட்டரில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் மொத்தம் 3,500 கிராம் உப்பு. நாளுக்கு 2 லிட்டர் ஆவியானால் ஐந்து நாளில் 90 லிட்டர் மிஞ்சும். அப்போது லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம்! அந்த 10 லிட்டரையும் உப்புநீரால் நிரப்பினால் அளவு கூடியபடியே நிற்கும். எனவே ஆவியான இடத்தைக் குளோரின் நீக்கிய நன்னீரால் தினமும் நிரப்புங்கள். வாராந்தர நீர் மாற்றத்துக்கு மட்டும் உப்புநீர். வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

இதில் நம் பொறுப்பு என்ன?

கடைகளில் உள்ள நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல்மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. ஒவ்வொரு முறை தொட்டி தோற்கும்போதும் அந்த இழப்பு ஏதோ ஒரு கடற்கரையின் கணக்கில் ஏறுகிறது. கோமாளி மீன் பண்ணையிலும் வளர்க்கப்படுகிறது; வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

லங்காவிக்குத் தெற்கே பாயார், காச்சா, லெம்பு, செகாந்தாங் ஆகிய நான்கு தீவுகளைச் சுற்றி நம் மாநிலத்தின் கடற்பூங்கா இருக்கிறது. அங்கே மீனும் பவளமும் பாறையும் எடுப்பது சட்டப்படி குற்றம். லீ சின் எங் காலத்தைப்போல் கடலில் இறங்கிப் பாறை எடுக்கும் நிலையில் இன்றைய பவளப்பாறைகள் இல்லை. 1998-இலும் 2010-இலும் கடல் சூடேறியபோது நம் நாட்டுப் பவளங்களும் வெளிறின. 2010-இல் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூட வேண்டியிருந்தது. கடையில் கிடைக்கும் உலர்பாறையே போதும். பாக்டீரியா அதிலும் குடியேறும்; சில வாரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிட நினைத்தாலும் மீன்களை ஆற்றிலோ கடலிலோ விடாதீர்கள். நோயும் உடன் போகும். கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள். ஒரு வரைபடத்தாளில் கீழே நாள்கள், பக்கவாட்டில் மில்லிகிராம், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று மூன்று நிறத்தில் மூன்று கோடுகள் வரையட்டும். முதல் இரண்டு கோடுகளும் மலைபோல் ஏறி இறங்கி அடிக்கோட்டைத் தொடும் வரை பொறுங்கள். அதன் பிறகே மீன்கடைக்குப் புறப்படுங்கள்.