குறிஞ்சி மறுபடி பூக்கும்போது படம் கிடைக்குமா?

உதகமண்டலத்திற்கும் ஒளிப்படத்திற்கும் பழைய உறவு உண்டு. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. பிலிமின் மீது வெள்ளி உப்பைப் பூசும் வேலைக்குத் தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் தேவை. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் வந்தன. (இந்து என்றால் நிலவு!) இன்று அத்தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் சுருளில் எடுத்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால் உருவம் தெரிகிறது. செய்தவர் இல்லாவிட்டாலும் படம் இருக்கிறது.

டிஜிட்டல் படம் அப்படியல்ல. அது வெறும் எண்களின் வரிசை. அதைப் படிக்க ஒரு மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் மறைந்தால் என்ன ஆகும்?

இக்கேள்வி நீலகிரி மாணவர்க்கு மிக முக்கியம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பல சரிவுகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அக்கணக்கின்படி அடுத்தது 2030. அன்று ஒரு சரிவைப் படம் எடுத்தவர், அதே சரிவில் இன்னும் குறிஞ்சி உள்ளதா, அல்லது சீகை மரங்கள் பரவிவிட்டனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், பழைய படம் கையில் இருந்தால்!

முதலில் திருத்துவதைப் பார்ப்போம். நம் மலையில் எடுக்கும் படங்களில் பாதி மூடுபனிப் படங்கள்தாமே! சாதாரண ஜேப்பெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. பனி மூடிய தேயிலைத் தோட்டத்தில் மிகக் கறுப்பும் இல்லை, மிக வெளுப்பும் இல்லை. எல்லாம் 150க்கும் 209க்கும் இடையே, அதாவது 60 படிகளுக்குள் அடங்கிவிடுகிறது என்று கொள்வோம். தெளிவு கூட்டுவதற்காக அந்த 60 படிகளை 256 வரை இழுத்தால், இடையிடையே நான்கு நான்காகத் தாவ நேரும். வானம் பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால் 14 பிட் 'ரா' கோப்பில் 16,384 படிகள் உள்ளன. இழுத்தாலும் இடைப்படிகள் மிஞ்சும். எனவே மென்பொருள் ரா கோப்பைத் திறக்குமா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, அது மூலப்படத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். நல்ல மென்பொருள் சமையல் குறிப்பைப் போல, 'ஒளியை இவ்வளவு கூட்டு, இங்கே வெட்டு' என்று தனியே எழுதி வைத்துக்கொள்ளும். வேண்டாமென்றால் குறிப்பை நீக்கிவிடலாம். மூலம் அப்படியே இருக்கும்.

அக்குறிப்பு எங்கே எழுதப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பலரும் விரும்பிய பிக்காசாவை கூகுள் 2016இல் நிறுத்தியது. அதில் செய்த திருத்தங்கள் பிக்காசாவுக்கு மட்டுமே புரியும் கோப்புகளில் இருந்தன. மூலப்படங்கள் பிழைத்தன, உழைப்பு முடங்கியது. இதற்கு மாறாக, 2001இல் வந்த எக்ஸ்எம்பி என்ற பொது முறையில் படத்தின் பெயரையும் குறிச்சொற்களையும் எழுதினால் வேறு மென்பொருள்களும் படிக்கும். திருத்தக் குறிப்பு மட்டும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முழுமையாகச் செல்லாது. ஆகவே சிறந்த படங்களைத் திருத்திய வடிவிலும் தனியே சேமிப்பது நலம்.

இலவசமாகக் கிடைப்பவற்றுள், ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கித் தேட டிஜிகேம் ஏற்றது. ரா கோப்பைத் திருத்த டார்க்டேபிள் உண்டு. அது படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி கோப்பை வைக்கிறது. கிம்ப் ஒற்றைப் படத்தில் நுட்ப வேலை செய்யத்தான், அடுக்க உதவாது. லைட்ரூம் இரண்டையும் திறம்படச் செய்யும், ஆனால் சந்தா கட்ட வேண்டும். மாணவர்க்கு முதல் இரண்டே போதும் என்பது என் கருத்து. டிஜிகேமில் குறிச்சொற்களைப் படக்கோப்பிலேயே எழுதும் அமைப்பு இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பின் பெயரில் ஆண்டை முன்னே வையுங்கள்: '2030-08-15-கோத்தகிரி'. கணிப்பொறி தானே கால வரிசையில் அடுக்கிவிடும். கைப்பேசி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் படத்தில் பதியக்கூடும். அதே சரிவை மீண்டும் கண்டுபிடிக்க இது பேருதவி. அரிய ஆர்க்கிட் படத்தை ஊருக்கு அனுப்பும்போது மட்டும் அதை நீக்கிவிடுங்கள். செடியைப் பிடுங்குவோருக்கும் அது வழிகாட்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்துப் படங்களுக்குக் 'குறிஞ்சி' என்று தமிழிலேயே குறிச்சொல் இடுங்கள். அவற்றை வேறு கணிப்பொறிக்கு நகலெடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து, அச்சொல்லைத் தேடுங்கள். பத்தும் வந்தால் அந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம்.