அடிபட்ட குழந்தையும் செவிலியர் பயிற்சியும்

கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகளில் குழந்தைக்கு அடிபட்டால் நாம் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு ஓடுவது ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே. அங்கே அதனை முதலில் தொடும் கைகளுள் செவிலியர் கையும் ஒன்று. அக்கைக்குத் தனிப் பயிற்சி எதற்கு?

குழந்தை, சிறிய உருவிலுள்ள பெரியவர் அன்று. எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் இரத்தமே அதற்கு உண்டு. 10 கிலோ குழந்தைக்கு மொத்தம் 800 மில்லிலிட்டர். ஒரு தம்ளர் அளவான 200 மில்லிலிட்டர் வெளியேறினாலே கால் பங்கு போய்விட்டது. ஆயினும் இரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்வதால் இரத்த அழுத்தம் உடனே குறைவதில்லை. அது குறையும்போது நிலைமை முற்றியிருக்கும். ஆகவே நாடி விரைவதையும் கைகால் சில்லிடுவதையும் முன்னரே கவனிக்க வேண்டும். விரல் நுனியை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். உரக்க அழும் குழந்தைக்கு மூச்சு ஓடுகிறது. அழாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தையையே முதலில் பார்க்க வேண்டும்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சைக்கு வழி செய்தது. செலவுக்கு வழி பிறந்தது. ஆபத்தை முன்னறியும் கண்ணோ பயிற்சியால் மட்டுமே வரும். அப்பயிற்சி ஒருமுறையோடு நில்லாமல் ஆண்டுதோறும் தொடர்வதே நம் பகுதிக் குழந்தைகளுக்கு உண்மையான காப்பாகும்.