வாலுக்குள் போகும் வயர்

தரை நிலையத்தின் அலையைப் பிடித்துத் திசை காட்டும் விஓஆர் கருவியின் ஊசி நிலையாக நிற்கவில்லை, சிக்னல் இல்லை என்று காட்டும் சிவப்புக் கொடி விழுவதும் எழும்புவதுமாக இருக்கிறது என்று விமானி எழுதிக் கொடுத்தால், எல்லோருடைய கையும் முதலில் ரேடியோவுக்குத்தான் போகும். அது முன்னால் இருக்கிறது, ஒரு திருகைத் தளர்த்தினால் பெட்டியோடு வந்துவிடும். அன்டெனா வயர் அப்படி இல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் தொடங்கி, சாமான் வைக்கும் இடத்தைத் தாண்டி, வாலுக்குள் நுழைந்து, செங்குத்து வாலின் உச்சியில் வி வடிவத்தில் விரிந்து நிற்கும் கம்பிகளில் போய் முடியும். வருடக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்காத வழி அது. இரத்மலானை ஹேங்கரில் வேலை செய்த காலத்தில், ரேடியோவை மாற்றியும் தீராமல் வந்த கோளாறுகளை நான் பெரும்பாலும் அந்த வழியில்தான் கண்டுபிடித்தேன்.

பயிற்சி விமானமான செஸ்னா 152இன் தயாரிப்பு 1985இல் நின்றுவிட்டது. ஆகவே இன்று பயிற்சிக்குப் பறக்கும் 152 எதுவானாலும் அதற்கு வயது நாற்பதுக்குக் கிட்ட, அல்லது அதற்கு மேல். வயரை யாராவது இடையில் மாற்றியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் அதே வயதுதான். பழையது பெரும்பாலும் ஆர்ஜி-58: வெளியே பிவிசி உறை, உள்ளே பொலித்தீன். இரத்மலானைக்கும் கடலுக்கும் தூரம் கொஞ்சம்தான். கழற்றிய வயரின் அன்டெனாப் பக்க நுனியைச் சீவிப் பாருங்கள். செம்பு வலை கறுத்து, சில இடங்களில் பச்சை பூத்திருக்கும். கொனெக்டர் வழியாகப் புகுந்த ஈரத்தை வலை உறிஞ்சி உள்ளே வெகுதூரம் கொண்டுபோய்விடும். நுனியை மட்டும் வெட்டி மறுபடி கொனெக்டர் போடுவது அதனால்தான் பல தடவை வீண் வேலையாகிறது.

ஆனால் வயர்தான் என்று முடிவுகட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. என் ஊர் நாவுல. இரத்மலானையிலிருந்து சிகிரியா ஓடுபாதைக்கு வரும் சிறு விமானங்கள் எங்கள் பக்கத்து வானத்தால்தான் போகும். "மாத்தளை தாண்டியதும் கட்டுநாயக்க விஓஆர் விட்டுப் போகிறது" என்ற முறைப்பாடு வந்தால், முதலில் நான் கேட்பது எத்தனை அடியில் பறந்தீர்கள் என்பதைத்தான். விஓஆர் அலை நேர்கோட்டில் போவது. 2000 அடி உயரத்தில் அது எட்டும் எல்லை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கட்டுநாயக்கவிலிருந்து நாவுலயும் அவ்வளவு தூரம்தான், இடையில் மலைகள் வேறு. அந்தக் கொடி விழுவதற்கு வயர் பொறுப்பில்லை. கரையோரம் பறக்கும்போதும் அதே கதை என்றால்தான் வாலைத் திறக்க வேண்டும்.

மீட்டர் வைத்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அன்டெனாவைக் கழற்றாமல் அளந்தால் நடுக்கம்பியும் வலையும் ஷோர்ட் என்று காட்டலாம். விஓஆர் அலையைப் பிடிக்கும் பல அன்டெனாக்களின் அமைப்பே அப்படி. இரண்டு முனையையும் விடுவித்துவிட்டு வயரை மட்டும் அளந்து, அளக்கும்போதே இன்னொருவரிடம் அதை நெடுக அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசைக்கும்போது எண் துள்ளினால் சந்தேகமே வேண்டாம்.

வேலையில் ஆபத்தான நிமிடம் ஆள் உள்ளே போகும் நிமிடம். செஸ்னாவின் முன்சக்கரத்தில் பாரம் அதிகமில்லை. சாமான் அறையின் பின்தட்டியைக் கழற்றிவிட்டு ஒருவர் வாலுக்குள் ஊர்ந்தால், மூக்கு மேலே எழும்பி வால் தரையில் மோதிவிடும்.

"நான் ஒல்லிதானே சேர், ஒன்றும் ஆகாது."

"தம்பி, முதலில் வாலுக்கு ஸ்டாண்டை வை. ஒல்லியா குண்டா என்று பிறகு பார்க்கலாம்."

உள்ளே போன பிறகு தகட்டின் மேல் முழங்கால் படக் கூடாது. குறுக்குச் சட்டங்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் படுத்து வேலை செய்ய வேண்டும். கொண்டுபோகும் கருவிகளை எண்ணிக்கொண்டு போய், எண்ணிக்கொண்டு வெளியே வாருங்கள். சுக்கானுக்கும் எலிவேட்டருக்கும் போகும் இழுகம்பிகள் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகின்றன. அங்கே விட்டுவந்த ஒரு ஸ்பானர் எங்கே போய்ச் சிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பழைய வயரில் புதிய வயரைக் கட்டி நேராக இழுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. பழையதோடு நைலோன் நூலை இழுத்து, நூலை வழியில் விட்டுவைத்து, பிறகு அந்த நூலால் புதியதை நிதானமாக வரவழைப்பேன். கூடவே இன்னொரு நூலையும் அனுப்பிவிட்டால் அடுத்த தடவைக்கு உதவும். வயர் சட்டத்துளையைக் கடக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய வளையம் காய்ந்து நொறுங்கியிருக்கும். அது இல்லாத இடத்தில் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துக்கொண்டே இருக்கும்.

புதிதாகப் போடுவது ஆர்ஜி-400. உள்ளே டெஃப்லோன், வெள்ளி பூசிய இரட்டை வலை, 200 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அதைப் போட்டதும் சிக்னல் பிரமாதமாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். விஓஆர் இயங்கும் 108 முதல் 118 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அலைகளில், ஒரு சிறு விமானத்தின் நீளத்துக்கு, நல்ல நிலையிலுள்ள ஆர்ஜி-58க்கும் இதற்கும் இழப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. நாம் காசு கொடுப்பது வேறு காரணங்களுக்கு: இரட்டை வலை வெளி இரைச்சலைத் தடுக்கும், வெக்கையில் உள்ளிருக்கும் காப்பு இளகாது, பிவிசி போல எளிதில் பற்றிப் புகையாது.

இரண்டு வயரும் கிட்டத்தட்ட ஒரே தடிப்பு. ஆனால் ஆர்ஜி-58க்குரிய பிஎன்சி கொனெக்டரை இதில் திணிக்கக் கூடாது. இரட்டை வலை கனமானது, அதற்கென்று உள்ள வளையமும் அதற்குரிய கிரிம்ப் அச்சும் வேண்டும். உறையைச் சீவும்போது வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது வெட்கமில்லை. வளைவுகளை இறுக்காதீர்கள். டை போடும்போதும் வயர் நசுங்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம். ஸ்ட்ரோப் விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டினால், ஹெட்செட்டில் டிக் டிக் என்ற சத்தத்தை நீங்களே வாங்கிக் கொள்கிறீர்கள்.

மூடுவதற்கு முன் ஒருவர் விமானி இருக்கையில் இருந்து சுக்கானையும் எலிவேட்டரையும் இரு பக்கமும் கடைசி எல்லை வரை அசைக்க, இன்னொருவர் டோர்ச்சோடு உள்ளே பார்க்க வேண்டும். வயர் எந்த இழுகம்பியையும் தொடாது என்று கண்ணால் கண்ட பிறகுதான் தட்டி பூட்டப்படும். அனுமதிப்பத்திரம் உள்ள பொறியியலாளர் பார்த்து, லொக் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும். நாம் எவ்வளவு அனுபவசாலியானாலும் அந்தக் கையொப்பம் இல்லாமல் விமானம் நகராது. ஹேங்கருக்குள் ரேடியோவைப் போட்டுப் பார்த்துத் திருப்திப்படவும் வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே எந்த அன்டெனாவும் ஒழுங்காக வேலை செய்யாது.

நாவுலயில் ஆட்கள் என்னிடம் கேட்பது வேறு: "விமான வயர் மிச்சத் துண்டு ஏதும் இருக்கிறதா அண்ணே, டிவிக்குப் போட?" இருந்தாலும் கொடுக்க மாட்டேன். அது 50 ஓம் வயர், டிவிக்கு வேண்டியது 75 ஓம். கடையில் விற்கும் ஆர்ஜி-6 போதும், விலையும் மலிவு. வெயிலில் வெடித்த பழைய வயரில் துண்டு போட்டு ஒட்டாமல், கம்பத்திலிருந்து வீடு வரை ஒரே நீளமாகப் போடுங்கள். சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பாகக் கீழே ஒரு தொங்கல் விட்டால் மழைத் தண்ணீர் வெளியிலேயே சொட்டிவிடும், டிவி வரை வராது.