வீட்டு மனையிலுள்ள மரங்களைப் பாதுகாத்தல்

வயலிலுள்ள நெல்லுக்கும் கரும்புக்கும் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் நம் விவசாயிகள் தத்தம் வீட்டைச் சுற்றியுள்ள மரங்களுக்குக் காட்டுவதில்லை. மரம் தானே வளர்ந்தது, தானே நிற்கும் என்பது பொதுவான எண்ணம். புயல் வீசிய மறுநாட் காலையில்தான் அவ்வெண்ணம் தவறென்று விளங்குகிறது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆந் தேதி விடியற்காலையில் வேதாரணியத்தினருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய ஜில்லாக்களில் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்தது. அத்தகைய காற்றை எவராலும் தடுக்க இயலாது. ஆயினும், சாதாரண மழைக்காற்றிலேயே விழுந்து கூரையையும் மாட்டையும் மனிதரையும் நசுக்கும் மரங்களிற் பல, முன்னதாகவே அடையாளம் காட்டியவையே. மற்றொரு புறம், அச்சத்தினால் நல்ல மரத்தை வெட்டிவிட்டுப் பின்னர் நிழலின்றி வருந்துவோரும் உண்டு. இவ்விரு தவறுகளையும் விலக்கும் வழியை இங்கே கூறுவோம்.

மரத்தைச் சோதித்தல்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குவதால், ஆடி, ஆவணி மாதங்களில் மரங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். முதலில் அடிமரத்தையும், பிறகு கவைகளையும், கடைசியில் உச்சியையும் நோக்குக. அடிமரத்தில் காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை உளுத்து வருகிறதென்று அறியலாம். கொட்டாப்புளியால் தட்டும்போது பொள்ளென்ற ஓசை கேட்குமாயின் பொந்து உள்ளது. இரு பெருங்கிளைகள் பிரியுமிடத்தில் வெடிப்பு இருத்தலும் அபாயக் குறியே.

சாய்ந்த மரமெல்லாம் விழும் மரமன்று. இளமையிலேயே சாய்ந்து, பின் நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்ப வேரூன்றியிருக்கும். ஆனால், புதிதாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்து மேலெழும்பியிருக்குமாயின், அம்மரத்தின்கீழ் ஒருவரும் படுத்துறங்கலாகாது, மாடும் கட்டலாகாது. அதைக் காலதாமதமின்றி அப்புறப்படுத்த வேண்டும்.

வேம்பின் கொழுந்துகள் தேயிலைக் கொசுவினாலும் பூசணத்தினாலும் கருகி, மரம் முழுதும் பட்டதுபோல் தோன்றுவதை அண்மை ஆண்டுகளில் பல ஊர்களிற் காண்கிறோம். பெரும்பாலான மரங்கள் சில மாதங்களில் மீண்டும் தளிர்க்கின்றன. ஆகையால், பட்டையைச் சிறிது சுரண்டி, உள்ளே பசுமை இருக்குமாயின், கோடரி எடுக்காது பொறுத்திருத்தல் நலம்.

கிளை கழித்தல்

கூரையின்மேல் கவிந்த கிளைகளையும், பட்ட கிளைகளையும் மழைக்கு முன் கழித்துவிட வேண்டும். அரிவாளால் மேலிருந்து வெட்டினால், பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தால் முறிந்து அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு விழும். ஆதலின் மூன்று வெட்டாக ரம்பத்தால் அறுப்பதே முறை. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திற்கு முதல் வெட்டு. அதற்கு இரண்டங்குலம் வெளியே, மேற்புறத்திலிருந்து இரண்டாம் வெட்டு. கிளை இதில் விழுந்துவிடும். எஞ்சிய முளையைக் கிளையின் அடியில் கழுத்துப்போல் தடித்துள்ள பாகத்திற்குச் சற்று வெளியே அறுப்பது மூன்றாம் வெட்டு. அத்தடிப்பை அறுத்துவிட்டாலும், நீண்ட முளையை விட்டுவைத்தாலும் காயம் மூடாது.

வெட்டுவாயில் தார் பூசும் வழக்கம் பயனற்றது. அமெரிக்க வன இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் பல மரங்களை நெடுக அறுத்து ஆராய்ந்து, மரம் காயத்தைத் தானே உள்ளே தடுப்பிட்டு அடைத்துக்கொள்கிறதென்று 1970-களில் விளக்கினார். பூசண நோய் பரவுமிடங்களில் மா முதலியவற்றிற்குப் போர்டோ பசை தடவுவது வேறு விஷயம்.

மரத்தை மொட்டையடிப்பது பாதுகாப்பென்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறு செய்தபின் நெருங்கித் துளிர்க்கும் கொம்புகள் ஆழ்ந்த பிடிப்பில்லாதவை. சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழும்.

வேரைக் காத்தல்

உணவைத் தேடும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் உள்ளன. தழையின் நிழலுக்கு அப்பாலும் செல்கின்றன. எனவே, சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுகையில் மரத்தின் ஒரு பக்கத்து வேர்களை அடியோடு அறுப்பது, கூடாரத்தின் ஒரு பக்கத்துக் கயிறுகளை அவிழ்ப்பது போலாகும். அடிமரத்தைச் சுற்றி சிமெண்டுத் தளமிடுதல், மண்ணை உயர அணைத்தல், குப்பை கொளுத்துதல் ஆகியவற்றை விலக்குக. மாட்டுக் கயிறு தேய்ந்து பட்டை வளையமாக அறுபட்டால் மரம் பட்டுப்போகும். ஆதலின் மாட்டுக்குத் தனியே முளையடித்தல் வேண்டும்.

தென்னை

ஏறுவதற்காக மரத்திற் படி வெட்டலாகாது. அக்காயங்களின் வழியே சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். பச்சை மட்டையை வெட்ட நேரின், மரத்திலிருந்து நான்கடி விட்டு வெட்டுக. காண்டாமிருக வண்டு எருக்குழியில் பெருகுவதால், எருவை அடிக்கடி கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். அடிமரத்திற் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்து, அடிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்குமாயின், அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அம்மரத்தைச் சுற்றி ஐந்தடி தள்ளி, மூன்றடி ஆழத்தில் ஓரடி அகலக் குழி வெட்டி அண்டை மரங்களைக் காக்கலாம். ஆண்டுதோறும் மரத்திற்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் இடுக. நடைபாதைக்கு மேலுள்ள மரங்களில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் காலத்தில் இறக்கிவிட வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

மின்கம்பியைத் தொடும் கிளையை வீட்டுக்காரர் தாமே வெட்ட முயல்வது உயிருக்கே ஆபத்து. மின்வாரிய அலுவலகத்திற்கு அறிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரே அவ்வேலை நடைபெற வேண்டும். பள்ளிக்கூடம், சந்தை, குளக்கரை ஆகிய பொதுவிடங்களிலுள்ள மரங்களை ஆவணிக்குள் பார்வையிட்டு, அபாயமானவற்றின் ஜாபிதாவை மேலதிகாரிகளுக்கு அனுப்புவது நன்று. புறம்போக்கு மரத்தை அநுமதியின்றி எவரும் வெட்டலாகாதென்பதையும் குடிகளுக்கு எடுத்துரைக்க வேண்டும். அண்டை வீட்டார் மரத்தைப் பற்றிய வழக்குகளை, மரம் விழுமுன் இருவரையும் கூட்டி வைத்துப் பேசித் தீர்ப்பதே எளிது.

ஒரு வேம்பையோ புளியையோ வெட்ட அரை நாள் போதும். அதன் நிழலைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் மரங்களைச் சுற்றிப் பார்ப்போர்க்கு வீடும் நிலைக்கும், மரமும் நிலைக்கும்.